சத்துவாச்சாரி மாடி வீட்டில் நான்கு பூனைக்குட்டிகள்: மண் தட்டுக்குப் பழக்குவது எப்படி?

மாடிவீடு (சத்துவாச்சாரி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படிக்கட்டு வழியாக வந்து போய்க்கொண்டிருந்த ஒரு நாட்டுப் பூனை எங்கள் பரணில், பழைய துணி மூட்டைக்குப் பின்னால் குட்டி போட்டுவிட்டது. நான்கு குட்டிகள். ஒன்று முழுக் கறுப்பு, இரண்டு சாம்பலில் வரி போட்டவை, ஒன்று வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்தது. கத்திரி வெயிலில் பரண் அனலாகக் கொதித்ததால், தாயையும் குட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டியோடு உள் அறைக்கு இறக்கினோம். அவளும் ஒத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் அறை சுத்தமாகவே இருந்தது. இப்போது குட்டிகள் பெட்டியைத் தாண்டி வெளியே வர ஆரம்பித்ததிலிருந்து கதவு மூலை, பீரோவுக்கு அடி, கால்மிதி என்று எல்லா இடத்திலும் போய் வைக்கின்றன. கறுப்புக்குட்டி மட்டும் தவறாமல் அரிசி மூட்டையின் கோணிமேல்தான் போகிறது. ஒரு தட்டில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். அதில் படுத்துத் தூங்குகின்றன.

வீட்டு ஓனர் கீழ் வீட்டில்தான் இருக்கிறார். நாற்றம் இறங்கினால் பேச்சு வரும். மாமியார், மொட்டை மாடியில் விட்டுவிடலாம் என்கிறார். அடுத்த மாதம் என் நாத்தனார் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே வருகிறார், அந்தக் கவலையும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கொசப்பேட்டை அக்கா

முதல் விஷயம், குட்டிகள் கெட்டுப்போய்விடவில்லை மா. பிறந்து மூன்று வாரம் வரைக்கும் குட்டிக்குத் தானாக ஒன்றுக்கும் போகத் தெரியாது, இரண்டுக்கும் போகத் தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கிக்கொடுத்துத்தான் போக வைப்பாள். வந்ததை அவளே நக்கித் தின்றுவிடுவாள். அதனால்தான் உங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. குட்டிகள் தாய்ப்பாலைத் தவிர வேறு எதையாவது தின்ன ஆரம்பித்ததும் அவள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுவாள். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். இது பழக்குவதற்குச் சரியான நேரம்.

அடுத்தது இடம். குட்டிகளுக்கு முழு அறையையும் கொடுக்காதீர்கள். அந்த வயதில் வயிறு முட்டினால் அடுத்த நிமிடம் போயாக வேண்டும். எட்டடி தள்ளித் தட்டு இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டு ஓடுகிற வயது இல்லை அது. அறையின் ஒரு மூலையில் கட்டிலையும் பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியையும் வைத்துத் தடுத்து, பாய் விரிக்கிற அளவு இடம் மட்டும் விடுங்கள். ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப் பக்கம் தட்டு, நடுவில் சாப்பாடு. சாப்பாட்டை ஒட்டித் தட்டு வைக்காதீர்கள். தின்கிற இடத்தில் பூனை போகாது. தாய் தாண்டிக் குதித்து வந்து போகிற உயரத்துக்குத் தடுப்பு இருந்தால் போதும்.

தட்டில் படுத்துத் தூங்குகின்றன என்றால் படுக்கையைவிடத் தட்டு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். வெயில் காலத்தில் மணல் குளுமையாக இருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு மண் சட்டியில் சுற்றி வையுங்கள், அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். தட்டில் அவற்றின் பீயையே ஒரு சின்னத் துண்டு எடுத்துப் போட்டு வையுங்கள். அந்த வாசம் இருக்கிற இடத்தில் படுக்க மாட்டா, அங்கேதான் போக வேண்டும் என்றும் பிடிபடும்.

வாலாஜா பெரியவர்

என் சின்ன வயதில் வீட்டில் பூனை இல்லாத நாளே கிடையாது. தட்டும் இல்லை, பழக்குவதும் இல்லை. பின்கட்டில் சாம்பல் குழி இருக்கும், பூனை அங்கே போய்த் தோண்டி மூடிவிட்டு வரும். தாயே குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். நாலு நாள் வெளியே விட்டுப் பாருங்கள் அம்மா, தானாகப் படிந்துவிடும்.

மாடிவீடு

ஐயா, எங்களுக்குப் பின்கட்டு இல்லை. மொட்டை மாடியில் பகலில் கால் வைக்க முடியாத சூடு. கீழே தெருவில் நாய்கள்.

ஆம்பூர் பாய்

பெரியவர் சொன்ன காலம் வேறு, வீடும் வேறு. மண் தரையும் சாம்பல் குழியும் இருந்ததால்தான் பூனை அங்கே போனது. அந்தக் குழியைத்தான் இப்போது ஒரு தட்டில் சுருக்கி வைக்கிறோம். பூனை எப்போதும் போலத்தான் இருக்கிறது, தோண்டுவதற்குப் பொலபொலவென்று ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். மே மாதத்தில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது. நாலு வாரக் குட்டியை மொட்டை மாடியில் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கச்சி, இன்னொன்று. போகக்கூடாத இடத்தில் போன குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பார்கள், முதுகில் ஒரு தட்டு தட்டுவார்கள். வீட்டில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். குட்டிக்கு அதிலிருந்து விளங்குவது ஒன்றே ஒன்று: மனுஷன் பார்க்கும்போது போகக்கூடாது. அதற்கு அப்புறம் சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று ஒளிந்து போகும். தட்டில் தூக்கி வைத்தாலும் நீங்கள் நிற்கும்வரை போகாது. பத்து வருடமாகப் பூனை இல்லாமல் என் வீடு இருந்ததில்லை. கத்திப் பழக்கிய பூனை ஒன்றையும் நான் கண்டதில்லை.

கால்நடை மாணவி

வேலூர்ப் பொண்ணுதான், கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். மாடிவீடு அக்கா, முதலில் வயதைச் சரியாகப் பார்த்துவிடலாம். கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். முன் பல் மூன்றாவது வாரம் எட்டிப் பார்க்கும். ஓரத்தில் ஊசி மாதிரி கோரைப்பல் தெரிந்தால் நான்கு வாரம் ஆகியிருக்கும். கண் நீலமாகவே இருந்தால் இன்னும் ஆறு வாரம் தாண்டவில்லை. சமையலறை எடைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறும். நான்கு வாரத்தில் 400 கிராம் பக்கம் வந்திருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரு குட்டி ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, மற்ற எதுவும் தெரிவதற்கு முன்னாலேயே அந்தக் காகிதம் சொல்லிவிடும்.

தட்டின் விளிம்பு குட்டியின் முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது. இனிப்புக் கடை அட்டைப்பெட்டியின் மூடி, நாற்று வைக்கிற பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கம் வெட்டின பழைய டப் எதுவும் ஆகும். இரண்டு விரல் கனத்துக்கு மணல் போதும். நான்கு குட்டிக்கு ஒரே தட்டு போதாது, இரண்டு அல்லது மூன்று வையுங்கள். வளர்ந்த பிறகு பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்பது கணக்கு.

கடையில் விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகிற வகை மண்ணை இப்போது வாங்காதீர்கள். இந்த வயதில் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். அது வயிற்றுக்குள் போய்க் கட்டியானால் குடலை அடைக்கும். மூன்று மாதத்துக்கு மேல், மண்ணைத் தின்கிற பழக்கம் நின்றபிறகு அதற்கு மாறலாம்.

ஆற்காட்டுக்காரன்

கடை மண்ணே தேவையில்லை. எங்கள் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நான் அதை ஒன்றிரண்டாக நொறுக்கிப் புடைத்துத் தூசியை எடுத்துவிட்டுத் தட்டில் போடுகிறேன். ஈரத்தை நன்றாக இழுக்கும், கால் விரலிடுக்கில் ஒட்டாது, வேலை முடிந்தால் எருக்குழியில் கொட்டிவிடலாம். மரத்தூள் மட்டும் வேண்டாம், மிஷினிலிருந்து வரும் பொடி கண்ணிலும் மூக்கிலும் ஏறிக் குட்டி தும்மிக்கொண்டே இருக்கும்.

கொசப்பேட்டை அக்கா

தம்பி, மல்லாட்டைத் தோலில் ஈரம் பட்டு இரண்டு நாள் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கிராமத்தில் தினமும் கொட்டி மாற்ற இடம் இருக்கிறது, மாடி வீட்டில் எங்கே கொட்டுவது? குட்டிகளுக்குக் கால் மிருது, தோலின் முனை குத்தினால் தட்டுப் பக்கமே வராது. என் கணக்கில் குட்டிக்கு மணல்தான். சல்லடையில் சலித்து, கல் எடுத்து, நல்ல வெயிலில் காயப்போட்டுப் போடுங்கள். எம் சாண்ட் வேண்டாம், கூர் இருக்கிறது, தூசியும் அதிகம்.

ஆற்காட்டுக்காரன்

நன்றாக நொறுக்கினால் குத்தாது அக்கா, ரவை பதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் மாடி வீட்டில் தினமும் கொட்ட இடம் இல்லை என்பது சரி. தென்னை நார்த்தூள் பாருங்கள், செடிக்கடையில் கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, முழுதாகக் காயவைத்துப் போட்டால் நாற்றம் கட்டுப்படும்.

கால்நடை மாணவி

மணல் எடுக்கிற இடத்தைப் பாருங்கள். வீடு கட்டத் தெருவில் கொட்டி வைத்திருக்கிற மணலில் ஊர்ப் பூனை எல்லாம் போயிருக்கும். அதில் புழு முட்டை இருக்கும். சலித்துவிட்டுப் பழைய இரும்புச் சட்டியில் சூடேற வறுத்து ஆறவைத்துப் போடுவது நல்லது.

மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. மூலையைத் தடுத்துவிட்டேன். எடையும் போட்டேன், மூன்று குட்டி 400 பக்கம், மூவர்ணக் குட்டி மட்டும் 340. மணல் வறுத்து மூன்று தட்டு வைத்தாயிற்று. வரிக்குட்டி இரண்டும் இன்று காலை தட்டிலேயே போயின. பார்க்க ஆசையாக இருந்தது: ஒன்று முதலில் மூலை மூலையாக மோந்துகொண்டு ஓடியது, அப்புறம் தட்டில் ஏறி இரண்டு கையாலும் பரபரவென்று பறித்தது, காதை மடக்கி, வாலை நேராக நீட்டி, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்தது. முடித்ததும் மணலை விட்டுவிட்டுப் பக்கத்துத் தரையைப் பிறாண்டி மூடப் பார்த்தது!

ஆனால் கறுப்பு மசியவில்லை. அரிசி மூட்டையை வெளியே எடுத்துவிட்டேன். இப்போது படுக்கைக்கு விரித்த கோணிமேல் போகிறது.

கொசப்பேட்டை அக்கா

மோந்துகொண்டு மூலை தேடி ஓடுகிறதே, அதுதான் அடையாளம். அதைப் பார்த்ததும் அலுங்காமல் தூக்கித் தட்டில் விடுங்கள். தூங்கி எழுந்ததும் ஒரு முறை, தின்ற பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு முறை, விளையாடி முடித்ததும் ஒரு முறை தட்டில் விட்டு, உங்கள் விரலால் மணலை லேசாகப் பறித்துக் காட்டுங்கள். குட்டியின் கையைப் பிடித்துப் பறிக்க வைக்காதீர்கள், பயந்துவிடும். போகாமல் இறங்கி ஓடினால் ஓடட்டும்.

கறுப்புக்குக் கோணியின் சொரசொரப்பு காலுக்குப் பிடித்துவிட்டது. அதற்கு மணலைப் பிடிக்க வைக்க வேண்டுமே தவிர, கோணியைப் பிடுங்கினால் அடுத்ததாகக் கால்மிதிக்குப் போகும். இப்படிச் செய்யுங்கள்: படுக்கையில் இருக்கிற கோணி, சாக்கு, பழைய கால்மிதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெல்லிய பருத்திப் புடவைத் துணி விரியுங்கள். கோணியில் தட்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு தட்டின் அடியில் விரியுங்கள். அதன்மேல் ஒரு கைப்பிடி மணல் தூவினால் போதும். அது அங்கே போக ஆரம்பித்ததும் தினமும் இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துக்கொண்டே வாருங்கள். கோணி மூடுகிற வரைக்கும் அவசரப்படாதீர்கள். அப்புறம் ஒரு நாள் கோணியை உருவிவிடலாம்.

காட்பாடி தம்பி

அக்கா, இந்தக் குட்டிகளில் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். காட்பாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால் இப்போதே கொடுக்க முடியுமா? சின்னதாக இருக்கும்போதே எடுத்தால் நன்றாகப் பழகும் என்றார்கள். பால் ஊற்றி வளர்த்துவிடுவேன்.

கால்நடை மாணவி

கொடுக்காதீர்கள் அக்கா. எட்டு வாரம் முடிகிற வரைக்கும் தாயோடு இருக்கட்டும், பத்துப் பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. தம்பி, உங்களிடம் நன்றாகப் பழக இப்போதே எடுக்கத் தேவையில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் மனிதர்கள் தொட்டுத் தூக்கிப் பழகின குட்டி யாரிடமும் ஒட்டும். நீங்கள் வாரம் ஒரு முறை வந்து கையில் எடுத்துக் கொஞ்சிவிட்டுப் போங்கள். தாயும் கூடப்பிறந்தவையும் இருந்தால்தான் எவ்வளவு கடிக்கலாம், எங்கே நகத்தை உள்ளே இழுக்க வேண்டும் என்று படிக்கும். முன்கூட்டியே பிரித்த குட்டி கையைப் பிறாண்டுகிறது என்று ஆறு மாதத்தில் தெருவில் விடுகிறார்கள்.

பால் விஷயம். மாட்டுப் பால் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை குட்டிக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். இந்த எடையில் ஒரு நாள் பேதியே உயிருக்கு ஆபத்து. தாய் இல்லாத குட்டிக்குப் பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால் பவுடர் இருக்கிறது, அதைக் கலந்து, குட்டியைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் புகட்ட வேண்டும். மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சில்லிட்டுக் கிடக்கிற குட்டிக்கு எதுவும் புகட்டக்கூடாது. முதலில் மடியில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் பால். உங்கள் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறாள், அவளுக்கு நன்றாகப் போட்டால் போதும்.

மூவர்ணக் குட்டிக்கு மட்டும் தனியாக, மற்றவை தூங்கும்போது தாயிடம் விடுங்கள். பெரியவை முண்டியடித்துப் பின்னால் தள்ளிவிடும். வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் புழு. பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள், எடைக்குத் தக்க அளவு. அதனால் எடை எழுதின காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள்.

மாடிவீடு

சாப்பாடு என்ன கொடுப்பது? நான் வேகவைத்த கோழியைச் சோற்றோடு பிசைந்து வைக்கிறேன். குழம்பில் ஊறின சோறும் தின்கின்றன.

ஆம்பூர் பாய்

குழம்பு வேண்டாம் தங்கச்சி. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும், சமைத்தாலும் அதே கதைதான். கோழியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பு எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே கூழாக மசித்துத் தட்டையான தட்டில் வையுங்கள். சோறு பேருக்குத்தான் இருக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பூனைக்குட்டிக்கென்று விற்கிற தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். கடைகளில் நாய்த் தீவனம் மலிவாக இருக்கிறது என்று எடுப்பார்கள், அது ஆகாது. பூனைக்கு டாரின் என்கிற சத்து வெளியிலிருந்துதான் வர வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் போகும். கருவாடு வேண்டாம், உப்பு. நாளைக்கு நாலைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தின்கிற நேரம் ஒழுங்காக இருந்தால் போகிற நேரமும் ஒழுங்காகிவிடும், தட்டில் தூக்கி விடுவதற்கு உங்களுக்கும் சுலபம்.

மாடிவீடு

இன்னொரு கேள்வி. தரையைத் தினமும் ஃபீனைல் ஊற்றித் துடைக்கிறேன். இருந்தும் கதவு மூலையிலேயே திரும்பத் திரும்பப் போகின்றன.

கால்நடை மாணவி

அக்கா, ஃபீனைலை இன்றே நிறுத்துங்கள். அது பூனைக்கு விஷம். அந்த வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் முடியாது. துடைத்த தரையில் நடந்து, காலை நக்கினாலே உள்ளே போகும். அதோடு உங்கள் மூக்குக்கு வாசனை மறைந்தாலும் பூனையின் மூக்குக்கு அந்த மூத்திர வாடை அப்படியே தெரியும், அதனால்தான் அதே மூலை.

காகிதம் அல்லது துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெந்நீரில் துணிதுவைக்கிற பவுடர் கொஞ்சம் கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் துடையுங்கள். அப்புறம் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துக் காயவிடுங்கள். நொதி கலந்த கிளீனர் ஆன்லைனில் வருகிறது, மெத்தையில் பட்டால் அதுதான் கேட்கும். துணியெல்லாம் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், அந்த வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. சுத்தம் செய்த அந்த மூலையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டால் திரும்ப அங்கே போகாது.

பீரோவில் பாச்சை உருண்டை இருந்தால் அந்தக் கதவைப் பூட்டி வையுங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு குட்டிகள் இருக்கிற அறையில் வேண்டாம். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமால் ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள், பூனையைக் கொன்றுவிடும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தைப் போடாதீர்கள். சீப்பால் வாரி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டர்.

வாலாஜா பெரியவர்

சாம்பல் குழி காலத்திலும் குட்டிகள் நிறையச் செத்தன, இல்லை என்று சொல்லவில்லை. நான்கில் ஒன்று தங்கினால் பெரிது. நீங்கள் இவ்வளவு அக்கறையாக வளர்ப்பதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கு ஊசி மருந்து தயாரிக்கிற பெரிய நிலையம் இருக்கிறதே, பூனைக்கான தடுப்பூசி அங்கேயே கிடைக்குமா?

கால்நடை மாணவி

1932 முதல் இருக்கிற நிலையம் ஐயா அது. அங்கே முக்கியமாக ஆடு, மாடு, கோழிகளுக்கான மருந்துதான் தயாராகிறது. பூனைக்கான மூன்று நோய்த் தடுப்பூசி தனியார் கம்பெனிகளுடையது, டாக்டர்களிடம் கிடைக்கும். எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, 16 வாரம் ஆகும் வரைக்கும் தொடர வேண்டும். வெறிநோய் ஊசி பன்னிரண்டு வாரத்தில். குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்கிற பான்லூக்கோபீனியா அந்த மூன்றில் ஒன்று. அது செருப்பில்கூட ஒட்டிக்கொண்டு வரும். ஊசி முடிகிற வரை வெளிப் பூனை தொட்ட தட்டு, துணி எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

தாய் தெருவில் திரிந்தவள் என்பதால், அவளோ குட்டியோ தோல் கிழிகிற மாதிரி பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பு ஊசி இலவசம்.

மாடிவீடு

நாத்தனார் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மாமியார் இதைத்தான் தினமும் கேட்கிறார். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனை கூடாது என்கிறார்கள்.

கால்நடை மாணவி

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அக்கா, அதனால் விவரமாகச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணிதான் காரணம். கர்ப்பத்தின்போது முதல்முறையாக அது தொற்றினால் வயிற்றிலிருக்கிற பிள்ளையைப் பாதிக்கலாம். பூனையின் பீயில் அது வெளியே வரும். ஆனால் ஒரு பூனை பெரும்பாலும் தனக்கு முதல்முறை தொற்றும்போது சில வாரம்தான் அதை வெளியேற்றும். வெளியே வந்ததும் உடனே தொற்றாது, ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் தொற்றுகிற நிலைக்கு வரும். அதனால் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும்.

நாத்தனார் தட்டைத் தொடவே கூடாது. சுத்தம் செய்கிறவர் கையுறை போட்டு, முடித்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். பூனைகளுக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். சரியாக வேகாத ஆட்டுக்கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றிலிருந்தும் இது வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்க்கிற மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள், வேண்டுமானால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவதால் இது வராது.

கொசப்பேட்டை அக்கா

சுத்தம் செய்ய ஒரு பழைய ஜல்லிக் கரண்டியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். காலையிலும் இரவிலும் அரித்து எடுத்துப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் மணலைக் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொண்டால் ஓனருக்கு அதுவே காரணமாகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை முழு மணலையும் மாற்றித் தட்டை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

குட்டிகள் வளர வளரத் தடுப்பை ஒரு முழம் ஒரு முழமாகத் தள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தவறாமல் தட்டில் போனால் இன்னும் கொஞ்சம் இடம். எங்காவது தவறினால் திரும்பச் சுருக்குங்கள். வளர்ந்தபிறகு கொத்தனார் சிமெண்ட் கலக்கிற பிளாஸ்டிக் சட்டி நல்ல தட்டு. தட்டின் இடத்தை மாற்ற வேண்டுமானால் ஒரே நாளில் தூக்கி வைக்காமல் தினமும் ஒரு சாண் நகர்த்துங்கள்.

ஆற்காட்டுக்காரன்

இன்னொன்று ஞாபகம் வந்தது. குப்பைமேனிச் செடி எங்கள் வரப்பெல்லாம் முளைக்கும். பூனைவணங்கி என்றும் சொல்வோம். வேரோடு பிடுங்கிப் போட்டால் பெரிய பூனைகள் அதில் விழுந்து புரளும். தாய்ப்பூனையை மணல் தட்டுப் பக்கம் இழுக்க அதைப் போடலாமா?

கால்நடை மாணவி

தட்டில் வேண்டாம் அண்ணா, புரள்கிற இடமாகிவிட்டால் போகிற இடமாக இருக்காது. நகம் தீட்ட ஒரு கட்டையில் சணல் கயிறு சுற்றி, வேரை அதில் தேய்த்து வையுங்கள். சோபா தப்பிக்கும். தின்ன மட்டும் விடாதீர்கள்.

மாடிவீடு

நிலவரம் சொல்கிறேன். ஃபீனைலை நிறுத்தி, கதவு மூலையில் சாப்பாட்டுத் தட்டு வைத்ததும் அங்கே போவது நின்றுவிட்டது. கறுப்பு, கோணி விரித்த தட்டில் போக ஆரம்பித்தது. இப்போது கோணி பாதிக்கு மேல் மணலால் மூடியிருக்கிறது, இன்னும் போகிறது. மூவர்ணத்துக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள், எடை ஏறுகிறது. மாமியாருக்கு நாத்தனார் பற்றிய பதிலைப் படித்துக் காட்டினேன். பிரசவம் ஆகும்வரை தட்டு வேலை முழுவதும் தன்னுடையது, நானும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காட்பாடி தம்பிக்கு ஒரு வரிக்குட்டி, பத்து வாரம் ஆனதும்.

தாயைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு நாளாக இரவில் ஓயாமல் கத்துகிறாள், ஜன்னலிலேயே நிற்கிறாள். இன்னும் பால் கொடுக்கிறாளே?

கால்நடை மாணவி

பருவத்துக்கு வந்துவிட்டாள் அக்கா. பால் கொடுக்கும்போதும் சினையாகும். இப்போது வெளியே போனால் 63 நாள், 65 நாளில் அடுத்த ஈற்று. ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள், கதவு திறக்கும்போது கவனம். குட்டிகள் முழுதாகத் தீவனத்துக்கு மாறி, பால் வற்றிய இரண்டு வாரத்தில் கருத்தடை அறுவை செய்துவிடலாம். இப்போதே டாக்டரிடம் நாள் கேட்டு வையுங்கள். குட்டிகளும் நான்கு ஐந்து மாதத்தில் சினையாகும் வயதுக்கு வந்துவிடும், அதனால் எடுத்துப் போகிறவர்களிடமும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

கொசப்பேட்டை அக்கா

காட்பாடித் தம்பி, குட்டியைக் கூட்டிப்போகிற அன்றைக்கு ஒரு கவரில் இவர்கள் வீட்டுத் தட்டின் பழைய மணல் ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் ரூமில் புதுத் தட்டில் அதைத் தூவி, முதல் சில நாள் குட்டியை ஒரே அறையில் வையுங்கள். மாடிவீடு, தாயை அறுவைக்குத் துணிப்பையில் தூக்கிப் போகாதீர்கள் மா. பஸ் ஹாரனுக்குக் கிழித்துக்கொண்டு குதித்துவிடும். மூடி போட்ட கூடை என்னிடம் ஒன்று இருக்கிறது, முதல் நாள் மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு மேல் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.